செயற்கை நரம்பும் என் சடையும்

பொதுவாக ஒரு மாமியார், மருமகளின் தலைமுடியைப் பிடித்து இழுக்கும் நிலைமைக்கு வர கொஞ்ச காலமாவது பிடிக்கும். (அதுவும் பெரும்பாலும் மனசுக்குள்தான் இழுப்பார்கள்.) என் மாமியார் அவ்வளவு காத்திருக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபி டம்ளரை வைத்த கையோடு, என் சடையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். சிவகாசியில் எங்கள் தெருவே நின்று பார்த்தது. இதைக் கேட்பவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கோ அந்த இழுப்பை நினைத்தால் இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

முதலில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தப்பெல்லாம் அத்தை மேல் என்று ஆகிவிடும்.

அப்போது நான் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செயற்கை நரம்பணு செய்துகொண்டிருந்தேன். ரப்பர் குழாய் மாதிரி எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு, அதன்மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசாக மூலக்கூறுகளால் ஆன ஒரு படலம், அவ்வளவுதான். நம் உடம்பில் இருக்கும் நரம்பணு சின்னச் சின்னத் தூண்டலுக்கெல்லாம் அலட்டிக்கொள்ளாது. வாங்கி வாங்கி வைத்துக்கொள்ளும். ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று ஒரு மின்துடிப்பை அனுப்பிவிட்டு, துளி ஓய்வெடுத்து, மறுபடியும் தயாராகிவிடும். எங்கள் படலத்துக்கும் அதே குணம். (எங்கள் அம்மாவுக்கும் அதே குணம்தான். ஓய்வு மட்டும் எடுக்க மாட்டார்.) இப்படிப்பட்ட பொருள்கள் ஒழுங்காக அமைந்துவிட்டால், மூளையைப் போலக் கொஞ்சூண்டு மின்சாரத்தில் யோசிக்கும் கணினி செய்யலாம், பழுதான நரம்போடு அதன் பாஷையிலேயே பேச வைக்கலாம் என்றெல்லாம் எங்களுக்குக் கனவு. கனவு பெரிதாக இருந்தது. ஆனால் ஒழுங்காகத் துடிக்கும் சில்லு என் கையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த ஒரு சில்லைத் திங்கட்கிழமை மதுரையில் ஒரு மதிப்பீட்டுக் குழு முன்னால் துடிக்க வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் என் உதவித்தொகை இன்னொரு வருஷம் நீளும், படிப்பை முடிக்கலாம். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா ஏற்கெனவே போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். அப்பா விஸ்வநத்தம் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசு ஆலை வைத்திருப்பவர். எதையும் திரி கொளுத்தின மாதிரி சுருக்கமாகப் பேசுவார்.

"நீட்டிச்சாங்கன்னா படி பாப்பா. இல்லன்னா மூட்டையைக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துரு. அம்புட்டுத்தான்."

மதுரைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் இரண்டு நாள் தங்கலாம் என்று நானும் வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாத்தூரிலிருந்து ஒரு குடும்பம் "சும்மா வந்துட்டுப் போறாக" என்று. சும்மா வருகிறவர்களுக்கு எந்த வீட்டிலாவது அதிரசம் சுடுவார்களா? அம்மா என்னைப் பட்டுச்சேலையில் சுற்றினார். என் சடை போதவில்லை என்று முந்தின நாளே ஒரு சவுரி வாங்கி வைத்திருந்தார். என் முடியின் நுனியில் அதைச் சேர்த்துப் பின்னி, முழங்கால் வரைக்கும் இறக்கி, அதன்மேல் ஒரு பூக்கடையையே வைத்துவிட்டார். தலையைத் திருப்பினால் சடை மட்டும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை செந்தில், அவருடைய அம்மா, அவருடைய பெரியப்பா. வீடு சாத்தூரில், காகித வியாபாரம் விருதுநகரில். செந்தில் பளபளவென்று புது ஒட்டிக்கோ வேட்டி கட்டியிருந்தார். (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) அவருடைய அம்மா அதிகம் பேசவில்லை. வீட்டுக்குள் வந்ததும் முன்வாசல், பின்வாசல் இரண்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வாசலை ஒட்டின நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டு வாசலில் சிவப்பு பெயின்ட் அடித்த இரண்டு வாளிகள் எப்போதும் தொங்கும், ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மணல். ஆலைப் பழக்கம் அப்பாவை வீட்டிலும் விடவில்லை. மணல் வாளியில் மட்டும் அம்மா புதினா நட்டு வைத்திருந்தார். அந்த அம்மா அதையும் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

"பொண்ணு என்ன படிக்குதாம்?" என்று பெரியப்பா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "செயற்கையா நரம்பு செய்யுது அண்ணாச்சி."

பெரியப்பா உடனே வேட்டியைக் கெண்டைக்கால் வரைக்கும் தூக்கிக் காட்டினார். "எனக்கு இந்தா, இங்கன சுருக்குச் சுருக்குன்னு இழுக்குது. இதுக்கு ஏதும் இருக்காத்தா?"

"அந்த மாதிரி இல்ல அண்ணாச்சி," என்று அப்பா விளக்கினார். "நம்ம சரவெடி எப்படி? பத்தலைன்னா பத்தாது. பத்திருச்சுன்னா பாதியில நிக்காது, ஒண்ணு மாத்தி ஒண்ணுக்குப் போயிட்டே இருக்கும். நரம்பும் அப்படித்தானாம்."

உண்மையிலேயே அது நல்ல விளக்கம். எங்கள் பேராசிரியரே அதைவிடச் சுமாராகத்தான் சொல்வார். நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"வெடிச்ச சரம் அம்புட்டுத்தான்பா. நரம்பு மறுபடியும் வெடிக்கும். என்கிட்ட அப்படி ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?" என்றேன்.

செந்தில் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது. எழுந்து உள்ளே ஓடினேன், சடை பின்னால் வந்தது.

சில்லு, ஒரு சின்ன மின்தேக்கி, ஒரு பச்சை விளக்கு, டிக் டிக் என்று சத்தம் போடும் பொத்தான் அளவு ஒலிப்பான். எல்லாவற்றையும் ஒரு பலகையில் பொருத்தி டீப்பாயின் மேல் வைத்தேன். பேட்டரியை மாட்டினால் செத்துக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. அத்தோடு புத்தியுள்ள எவளும் நிறுத்தியிருப்பாள். நான் டிவி பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கி, அதன் நுனியை அருவாமனையில் அறுத்தேன். (அம்மா இன்றைக்கும் மன்னிக்காதது இதை ஒன்றைத்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஏதோ முக்கியமான தொடராம்.) உள்ளே இரண்டு கம்பி, இரண்டும் கறுப்பு, ஒன்றில் மட்டும் வெள்ளைக் கோடு. எது நேர், எது எதிர் என்று அளந்து பார்க்கும் கருவி சென்னையில் இருந்தது. ஆறு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கோடு போட்டதுதான் நேர் என்று முடிவு செய்தேன்.

சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"என்னத்தா, சத்தத்தையே காணோம்?" என்றார் பெரியப்பா.

"இப்ப அது மின்சாரத்தை வாங்கிச் சேத்துக்கிட்டு இருக்கு மாமா," என்றேன், ஏதோ பெரிய விஞ்ஞானி மாதிரி. "எல்லை தாண்டினதும் பாருங்க."

எல்லை தாண்டியது.

தலைகீழாக மாட்டப்பட்ட மின்தேக்கி "டப்!" என்று வெடித்தது. ஒரு கீற்று வெள்ளைப் புகை எழும்பியது. அவ்வளவுதான் நடந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் "அச்சச்சோ, என்ன ஆச்சு?" என்று நாலு பேர் கிட்ட வந்து குனிந்து பார்த்திருப்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் பிறந்தவர்கள் டப் என்ற சத்தமும் புகையும் சேர்ந்து வந்தால் குனிய மாட்டார்கள், கேட்க மாட்டார்கள், யோசிக்கவும் மாட்டார்கள். அவர்களுடைய கால் மூளையிடம் அனுமதி கேட்காது. கண்ணை மூடித் திறப்பதற்குள் கூடம் காலி. கெண்டைக்கால் வலிக்கிறது என்ற பெரியப்பா இரண்டு நாற்காலியைத் தாண்டிப் போனார். அம்மா அதிரசத் தட்டோடு போனார். எல்லோருக்கும் முன்னால் வெளியேறியவர் செந்தில். வாசல் வழியாகப் போக நேரமில்லை என்று பக்கத்துக் கம்பி கேட்டின் மேல் ஏறிக் குதித்தார். வேட்டியின் ஓரம் கேட்டின் கூர்முனையில் மாட்டிக்கொண்டது. ஒட்டிக்கோ வேட்டி "சர்ர்ர்" என்று ஒரு சத்தத்தோடு பிரிந்து அங்கேயே கொடியாகத் தொங்கியது. மாப்பிள்ளை கால்டவுசரோடு தெருவில் நின்றார்.

நான் ஓடவில்லை. தைரியத்தினால் என்று நினைத்துவிட வேண்டாம். வெடித்தது வெறும் மின்தேக்கி என்று எனக்குத் தெரியும். சில்லுக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, உடனே கழற்றிவிட்டால் திங்கட்கிழமை பிழைத்துக்கொள்ளலாம் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. புகைக்குள் குனிந்து கையை நீட்டினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து என் சடையை யாரோ பிடித்து இழுத்தார்கள். சடையின் பாதி கழன்று போனது.

திரும்பினேன். செந்திலின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் பூவோடு சேர்ந்த என் சவுரி. அவர் அதை ஒரு கணம் பார்த்தார். செத்த பாம்பை எறிவதுபோல் ஒரு மூலையில் எறிந்தார். பிறகு என் தலையிலிருந்தே முளைத்த மிச்சச் சடையைக் கெட்டியாகப் பிடித்தார். "வாடீ வெளிய!" என்று ஒரு அதட்டல். பட்டுச்சேலை தடுக்க, பூ உதிர, "அத்தை... அது ஒண்ணும் இல்ல அத்தை... ஐயோ விடுங்க" என்று நான் கத்தக் கத்த, தெருவின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தின பிறகுதான் கையை எடுத்தார்.

இதற்கிடையில் அப்பா தன் கடமையைச் செய்தார். மெயினை அணைத்தார், தண்ணீர் வாளியோடு உள்ளே போனார். சளார் என்று சத்தம் கேட்டது. வெளியே வந்து மணல் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். தொப்பென்று இன்னொரு சத்தம். "அணைச்சாச்சு!" என்று கூவிக்கொண்டே வெற்றி வீரராக வெளியே வந்தார். எரியாத ஒன்றை அவ்வளவு சுத்தமாக அணைத்த மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். என் செயற்கை நரம்பு இருந்த இடத்தில் ஒரு ஈர மணல் மேடு, அதன் உச்சியில் ஒரு கொத்து புதினா.

நான் அழ ஆரம்பித்தேன். தெரு முழுக்கக் கூடியிருந்தது. அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினார்.

"எங்கயும் படலையே தாயி? கண்ணு எரியுதா?"

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கூசுகிறது. "உங்களை யாரு உள்ள வரச் சொன்னது? ஒரு நிமிஷம் விட்டிருந்தா எடுத்திருப்பேன்ல! என் படிப்பே போச்சு!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அம்மா அதிரசத் தட்டைக் கீழே போட்டார். அப்பாவின் முகம் கறுத்தது. இந்தச் சம்பந்தம் முடிந்தது என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அந்த அம்மா கோபப்படவில்லை. என் கையையும் விடவில்லை. தணிந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"கல்யாணத்துக்கு முன்னால நானும் எங்க அக்காவும் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்த்தோம். ஒரு நாள் இதே மாதிரிதான், டப்புன்னு ஒரு சத்தம். எல்லாரும் ஓடுனோம். அக்கா பின்னாலயே வர்றான்னு நெனச்சேன், திரும்பிப் பார்க்கலை. அவ வரவேயில்லை." என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "இன்னைக்கு வெளிய வந்ததும் எல்லாரையும் எண்ணிப் பார்த்தேன். நீ மட்டும் இல்லை."

அந்தக் கணம் வரைக்கும் என் சில்லு என் சில்லு என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெடித்தது மின்தேக்கி என்பது எனக்குத்தானே தெரியும்? அவருக்குத் தெரியாதே. முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக, உயிரோடு திரும்புவோமா என்று தெரியாமல் அந்தப் புகைக்குள் மறுபடி நுழைந்திருக்கிறார். நான் தெரு என்றும் பார்க்காமல் அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதேன்.

அவர் அழவிட்டார். பிறகு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சரி, இப்ப சொல்லு. உள்ள என்ன போச்சு?" என்று கேட்டார்.

"ஒரு வருஷம் போச்சு அத்தை," என்றேன். மதுரையையும் குழுவையும் அப்பா போட்ட நிபந்தனையையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்லி முடித்தேன். அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, தண்ணியை ஊத்துனது யாரு?"

"நான்தான். தீன்னா ஊத்தித்தானே ஆகணும்?" என்றார் அப்பா.

"மணலைக் கொட்டுனது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப புள்ளைக்கு ஒரு வருஷத்தைக் கெடுத்தது நீக. அந்த ஒரு வருஷத்தை நீகதான் குடுக்கணும். மதுரைக்காரக குடுக்காட்டியும் நீக குடுங்க. படிச்சு முடிக்கட்டும், நாங்க காத்திருக்கோம். அப்புறம் எங்க வீட்டுக்கு வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

சரக்கு லாரிக்காரர்கள், வியாபாரிகள், அதிகாரிகள் என்று எத்தனையோ பேரை வாயால் மடக்கிய என் அப்பா, அவர் முன்னால் வாளியைக் கீழே வைத்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "படிக்கட்டும் மதினி. இது முடிச்சுட்டா நான் இருக்கன்குடி கோயில்ல மொட்டை போட்டுக்கிடுறேன்," என்றார்.

உள்ளே போனபோது கூடத்தில் யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். செந்தில்தான். கால்டவுசரோடு, எங்கள் வீட்டு மாவுச் சல்லடையை வைத்து ஈர மணலைக் கைப்பிடி கைப்பிடியாகச் சலித்துக்கொண்டிருந்தார். வேட்டி இன்னும் கேட்டிலேயே பறந்துகொண்டிருந்தது, எடுக்கப் போகக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"முதல் ஆளா ஓடிட்டேன்," என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "எங்கம்மா திரும்பிப் போனதைக்கூட நான் பார்க்கலை. இதையாவது தேடித் தரலாம்னு..."

நானும் பட்டுச்சேலையோடு எதிரில் உட்கார்ந்தேன். புதினா வேரில் சிக்கிக்கொண்டிருந்த சில்லை அவர்தான் கண்டுபிடித்தார். கண்ணாடி முழுசாக இருந்தது, மேலே இருந்த படலம்தான் போய்விட்டிருந்தது. அதை ஒரு சம்படத்தில் வைத்து மூடிக் கொடுத்தார். அந்தச் சம்படத்தில் அம்மா புளி வைத்திருந்தார் என்பதை நான் மதுரையில் போய்த் திறந்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை குழுவின் முன்னால் சில்லு துடிக்கவில்லை. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஆய்வகத்தில் அது துடித்தபோது எடுத்த பதிவுகளைக் காட்டினேன். புளி வாசம் அடித்த அந்தச் சில்லைக் கையில் வாங்கிப் பார்த்த மூத்த பேராசிரியர் ஒருவர், கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு, "இன்னொன்று செய்ய முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அவகாசம் கொடுத்தார்கள். அடுத்ததைச் செய்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆனது. அது முன்னதைவிட நன்றாகவே துடித்தது, என் படிப்பும் முடிந்தது. அப்பா சொன்னபடி இருக்கன்குடியில் மொட்டை போட்டுக்கொண்டார். கல்யாணப் படங்களில் எல்லாம் அவருடைய தலைதான் விளக்கைவிட அதிகம் மின்னும்.

ஆமாம், செந்திலைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். மணமேடையில் அவர் பெல்ட் போட்டு வேட்டி கட்டியிருந்தார். பெரியப்பா இன்றைக்கும் எந்த விசேஷ வீட்டிலும் பந்தியில் உட்கார்ந்ததும், "எங்க குடும்பத்துல ஒரு கல்யாணம், பொண்ணு பார்க்கப் போன இடத்துல மாப்பிள்ளை வேட்டியை விட்டுட்டு வந்தான், பொண்ணு சடையை விட்டுட்டு வந்துச்சு," என்று ஆரம்பித்துவிடுவார். சாம்பார் வருவதற்குள் பக்கத்து இலைக்காரர் முழுக்கதையும் கேட்டிருப்பார்.

இப்போதும் என் வேலை அதே மூலக்கூறுகளோடுதான். நான் செய்கிற பொருள் எல்லை தாண்டினால் துடிக்கும், ஓய்வெடுக்கும், மறுபடியும் துடிக்கும். ஓடு என்று கால் சொன்ன பிறகும், எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிற குணத்தை அதற்கு எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை அத்தையிடமே கேட்டேன், அன்றைக்கு எப்படி அத்தை உங்களால் முடிந்தது என்று. "சோலியைப் பாருடீ," என்று சொல்லிவிட்டார்.

ஆய்வகத்தில் எல்லோரும் முடியைக் கத்தரித்துக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். நீளச் சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் திணிப்பதற்குள் எனக்குத் தினமும் கழுத்து பிடித்துக்கொள்கிறது. போன தீபாவளிக்கு வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது, நானும் வெட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றேன். தெருவில் அந்த நேரம் பார்த்து யாரோ ஓர் அணுகுண்டைப் போட்டார்கள். அத்தையின் கை, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, தானாக வந்து என் சடையைப் பிடித்தது. பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"வெட்டிட்டீன்னா, அப்புறம் நான் எதைப் பிடிச்சு இழுக்க?"

நான் வெட்டவில்லை.